கி.மு. கடைசி வருஷங்கள்: சைபரை எடுங்க, சீனாவைச் சேருங்க

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல நடுப்பக்கம் ரெண்டையும் சேத்து, கி.மு. 30-லேர்ந்து கி.பி. 1 வரைக்கும் உலகத்துல என்ன நடந்துச்சுன்னு பெரிய கலர் சார்ட் ஒண்ணு போட்டிருந்தீங்க, அதைப் பத்திதான் இந்த லெட்டர். முதல்ல நல்லதைச் சொல்லிடறேன், சினிமா கிசுகிசுக்கும் ராசிபலனுக்கும் நடுவுல வரலாத்துக்கு ரெண்டு பக்கம் ஒதுக்க ஒரு மனசு வேணும், அதுக்கு தாங்க்ஸ். ஆனா சார்ட்டைப் பாத்தா இடது பக்கம் ஃபுல்லா ரோம், வலது பக்கம் பெத்லகேம் நட்சத்திரமும் மூணு ஒட்டகமும், கீழ ஓரத்துல "தமிழன் அன்றே கடலை ஆண்டான்"னு ஒரு கப்பல் படம், அவ்ளோதான் உலகம் முடிஞ்சுபோச்சு. போதாததுக்கு கி.மு. 1-க்கும் கி.பி. 1-க்கும் நடுவுல "0"ன்னு தங்கக் கலர்ல ஒரு கட்டம், அதுக்குள்ள தொட்டில். சார், அப்படி ஒரு வருஷமே கிடையாது. கி.மு. 1 டிசம்பர் 31 முடிஞ்சா மறுநாள் கி.பி. 1 ஜனவரி 1, நடுவுல சைபருக்கு இடமே இல்ல.

இது நம்மாளுங்க நிறைய பேர் பண்ற தப்புதான், ஆனா பேப்பர்ல வரும்போது அது தப்புன்னு யாருக்கும் தோணாது. இந்த கணக்கைப் போட்டவர் டயோனிசியஸ் எக்சிகுவஸ்னு ரோம்ல இருந்த ஒரு துறவி, வருஷம் கி.பி. 525, ஈஸ்டர் எந்த தேதில வரும்னு ஒரு டேபிள் தயார் பண்ணிட்டிருந்தார், அதுவரைக்கும் அந்த டேபிள்ல டயோக்ளீஷியன்ங்கற ரோமப் பேரரசன் பட்டத்துக்கு வந்த வருஷத்துலேர்ந்து எண்ணிட்டிருந்தாங்க, கிறிஸ்தவங்களைக் கொடுமைப்படுத்துன ஆளோட பேர்ல எதுக்கு எண்ணணும்னு இவர் கிறிஸ்து பிறப்புலேர்ந்து எண்ண ஆரம்பிச்சார். ரோமன் எண்ல சைபர் இல்ல, அதனால ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். பின்னாடி திரும்பி கி.மு.ன்னு எண்ற பழக்கம் அதுக்கும் ரொம்ப நாள் கழிச்சுத்தான் பரவுச்சு. சைபர் இல்லாததால கூட்டல் கழித்தல்ல ஒண்ணு கொறையும், உங்க சார்ட்ல முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் "41 ஆண்டுகள் ஆட்சி"ன்னு போட்டிருக்கீங்க, கி.மு. 27 ஜனவரில அகஸ்டஸ்ங்கற பட்டம் வாங்குனாரு, கி.பி. 14 ஆகஸ்ட்ல செத்தாரு, 27-ஐயும் 14-ஐயும் கூட்டி ஒண்ணு கழிச்சா 40 வருஷமும் சொச்ச மாசமும்தான் வரும்.

அதை விட பெரிய கூத்து, தொட்டில் கட்டத்துக்குப் பக்கத்துல யூதேயாவை ஆண்ட ஏரோது மன்னன் கோவமா நிக்கிறாரு. பெரும்பாலான வரலாற்று அறிஞர்கள் கணக்குப்படி ஏரோது செத்தது கி.மு. 4. அவர் உயிரோட இருக்கும்போதே இயேசு பிறந்தார்னுதான் மத்தேயு நற்செய்தி சொல்லுது, அப்படின்னா பிறப்பு கி.மு. 6-லேர்ந்து கி.மு. 4-க்குள்ள எங்கயோ விழுது, அதாவது கிறிஸ்து பிறந்தது கிறிஸ்துவுக்கு முன்னாடி. டயோனிசியஸ் கணக்கு சில வருஷம் தள்ளிப்போச்சு, அவ்ளோதான் விஷயம், இதுல யாரோட நம்பிக்கைக்கும் கொறச்சல் கிடையாது, சர்ச்லயே படிச்சவங்களைக் கேட்டா இதைத்தான் சொல்வாங்க. நான் ஏன் இதைப் பிடிச்சுட்டுத் தொங்கறேன்னா தாராவிப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் ஸ்கூல்ல இந்த சார்ட்டை வெட்டி சுவத்துல ஒட்டிட்டாங்க, பசங்க நோட்ல காப்பி பண்ணிக்கறாங்க, இங்க மும்பைல தமிழ்ல வரலாறு படிக்க ஒரு பக்கம் கிடைக்கறதே பெரிய விஷயம், அதுல வர்ற தப்பு அப்படியே பரீட்சைப் பேப்பர் வரைக்கும் போகும்.

இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன். அந்த வருஷங்கள்ல உசுரோட இருந்த ஒருத்தருக்கும் தான் "கி.மு."ல இருக்கோம்னு தெரியாது. எதையோ எதிர்பாத்து உலகம் மூச்சைப் பிடிச்சுட்டு நின்ன மாதிரி உங்க சார்ட் காட்டுது, ஆனா அவனவன் அவனவன் வருஷத்துல அவனவன் பிரச்சனையோட இருந்தான். நாம கி.மு. 1-ன்னு சொல்றதை ரோம்ல "காசஸ் கொர்னேலியஸ் லெண்டுலஸும் லூசியஸ் கல்பூர்னியஸ் பீசோவும் கான்சலா இருந்த வருஷம்"னு சொல்லுவான், வருஷத்துக்கு நம்பர் கிடையாது, அந்த வருஷத்துத் தலைமை அதிகாரிங்க ரெண்டு பேரோட பேருதான். சீனால, பேரரசன் தன் ஆட்சிக் காலத்துக்கு வச்ச பேர்ல எண்ணி, அது யுவான்ஷோ ரெண்டாம் வருஷம். பார்த்தியாவுல, அதாவது இப்ப ஈரான் ஈராக் இருக்கற இடத்துல, அலெக்சாண்டரோட தளபதி செலூக்கஸ் ஆரம்பிச்ச கணக்குப்படி காசுல போட்டிட்டிருந்தான், அது 310-ஐத் தாண்டியாச்சு. கி.மு. 57-ல ஆரம்பிக்கற கணக்கு ஒண்ணு நம்ம ஊர்லயே இன்னைக்கும் உசுரோட இருக்கு, மஸ்ஜித் பந்தர் பக்கம் குஜராத்தி கடைக்காரங்க தீபாவளி அன்னைக்கு புதுக் கணக்குப் புஸ்தகத்துக்கு சோப்டா பூஜை போட்டு முதல் பக்கத்துல விக்ரம் சம்வத் எழுதறாங்களே அதுதான், விக்ரம்ங்கற பேரு மட்டும் பல நூற்றாண்டு கழிச்சு வந்து ஒட்டிக்கிச்சு. உங்க சார்ட்ல மேல ஒரே ஒரு வரிசையா இந்த நாலஞ்சு கணக்கையும் போட்டிருந்தா போதும், பசங்களுக்கு சட்டுனு புரிஞ்சிருக்கும்.

ரோம் கணக்கே அப்ப சரியில்ல, அது உங்க சார்ட்ல இல்லாத சுவாரசியமான விஷயம். ஜூலியஸ் சீசர் கி.மு. 46-ல காலண்டரைச் சரி பண்ண அந்த ஒரு வருஷத்தை 445 நாளா இழுத்தாரு, அடுத்த வருஷத்துலேர்ந்து நாலு வருஷத்துக்கு ஒரு லீப் வருஷம்னு உத்தரவு போட்டாரு, போட்ட கொஞ்ச நாள்லயே குத்திக் கொன்னுட்டாங்க. காலண்டரைப் பாத்துக்கற பூசாரிங்க ரெண்டு பக்க வருஷத்தையும் சேத்து எண்ணி, நாலுக்கு ஒண்ணுன்னா மூணுக்கு ஒண்ணுன்னு புரிஞ்சுகிட்டு 36 வருஷத்துல 9 லீப் வர வேண்டிய இடத்துல 12 போட்டுட்டாங்க. அகஸ்டஸ் கண்டுபிடிச்சு, அந்த கூடுதல் மூணு நாளைக் கரைக்கறதுக்கு கொஞ்ச வருஷம் லீப்பே வேண்டாம்னு நிறுத்திட்டாரு, ஆக கி.மு. கடைசி வருஷங்கள் முழுக்க ரோம்ல பிப்ரவரிக்கு ஒரு நாள்கூட கூடல. அந்த நேரத்துலதான், கி.மு. 8-ல, செக்ஸ்டிலிஸ்னு இருந்த மாசத்துக்கு ஆகஸ்ட்னு தன் பேரையே வச்சுகிட்டாரு. அரசியல்வாதி பேரை மாசத்துக்கே வைக்கற அளவுக்கு நம்மாளுங்க இன்னும் போகல.

கி.மு. 2-ஐ மட்டும் எடுத்துகிட்டாலே ஒரு முழுப்பக்கம் எழுதலாம் சார். பிப்ரவரில அகஸ்டஸுக்கு "தேசத்தந்தை"ன்னு பட்டம். அப்புறம் மார்ஸ் உல்டோர்ங்கற பழிவாங்கும் போர்க்கடவுள் கோயில் திறப்பு, கி.மு. 53-ல கர்ரே சண்டையில பார்த்தியர்கிட்ட பறிகொடுத்து கி.மு. 20-ல பேசிப் பேசி திரும்ப வாங்குன படைக்கொடிகளை அங்கதான் கொண்டுபோய் வச்சாங்க. டைபர் ஆத்தங்கரையில பெரிய குளம் தோண்டி 30 பெரிய கப்பலையும் 3,000 ஆளையும் இறக்கி பொய்ச் சண்டை காட்டுனாங்க. அதே வருஷம் அகஸ்டஸ் தன் ஒரே மகள் ஜூலியாவை நடத்தை சரியில்லைன்னு பாண்டட்டேரியாங்கற குட்டித் தீவுக்கு நாடு கடத்தினாரு, குடிக்க ஒயின் கூடாது, தன் அனுமதி இல்லாம ஒரு ஆம்பளை அந்தத் தீவுல கால் வைக்கக் கூடாதுன்னு கண்டிஷன். இதுல கொடுமை என்னன்னா அந்த ஜூலியாவோட பசங்க கயஸ், லூசியஸ் ரெண்டு பேரையும்தான் தாத்தா தத்தெடுத்து வாரிசா வச்சிருந்தாரு, அம்மாவைத் தீவுக்கு அனுப்புன அதே காலத்துல பசங்க படத்தை வெள்ளிக்காசுல அடிச்சு ஊரெல்லாம் விட்டாரு. இந்தக் காசை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ நம்ம கோயம்புத்தூர்ல வந்து நிக்கும்.

அதே கி.மு. 2-ல பார்த்தியாவுல நடந்தது இதுக்கு நேர் தலைகீழ். மூசான்னு இத்தாலில பிறந்த அடிமைப் பொண்ணு, அகஸ்டஸ் பார்த்திய மன்னன் நாலாம் பிராட்டீஸுக்கு பரிசா அனுப்பி வச்சவ, ராணியாகி, மூத்த தாரத்துப் பசங்க நாலு பேரையும் ரோமுக்கு அனுப்பிவைக்கற மாதிரி பண்ணி, தன் மகனை வாரிசாக்கி, கடைசில புருஷனை விஷம் வச்சுக் கொன்னுட்டு மகனோட சேந்து ஆட்சி பண்ணுனா. காசுல ஒரு பக்கம் மகன், மறுபக்கம் அம்மா. ஒரு ஊர்ல ராஜா மகளைத் தீவுக்கு விரட்டுறான், இன்னொரு ஊர்ல அதே ராஜா அனுப்புன அடிமை சிம்மாசனத்துல உக்காருறா, ரெண்டும் ஒரே வருஷம், இதை விட்டுட்டு ஒட்டகம் வரைஞ்சிருக்கீங்களே!

ஒட்டகத்தை வரையாதீங்கன்னு சொல்ல வரல, அதுக்குப் பக்கத்துல ஒரு வரி சேத்திருக்கலாம். ஏரோது செத்ததும் யூதேயாவுல பெரிய கலகம், சிரியாவுலேர்ந்து ரோம கவர்னர் வாரஸ் படையோட வந்து 2,000 பேரை சிலுவையில ஏத்துனதா யூத வரலாற்று ஆசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்காரு, நாசரேத்துக்கு நடந்து போற தூரத்துல இருந்த செப்போரிஸ் நகரத்தை எரிச்சு ஜனங்களை அடிமையா வித்தாங்க. இயேசு சின்னப் பையனா வளர்ந்த ஊர்ப்பக்கம் இப்படி இருந்துச்சு.

சரி, சீனா. 1-லேர்ந்து 30 வரைக்கும் உங்க சார்ட்ல சீனான்னு ஒரு சொல்லு கிடையாது. அன்னைக்கு உலகத்துல ஜனத்தொகையை ஆளாளா எண்ணி எழுதி வச்சிருந்த பெரிய அரசுகள்ல அது ஒண்ணு, கி.பி. 2-ல ஹான் அரசாங்கம் எடுத்த கணக்குல 1 கோடியே 22 லட்சம் குடும்பம், 5 கோடியே 95 லட்சம் பேர். அகஸ்டஸும் கி.மு. 8-ல எண்ணுனாரு, 42 லட்சத்து 33 ஆயிரம்னு தன்னோட சாதனைப் பட்டியல்ல அவரே போட்டிருக்காரு, ஆனா அது ரோமக் குடிமக்கள் மட்டும், எகிப்து சிரியா ஜனமெல்லாம் அதுல இல்ல, அதனால ரெண்டையும் பக்கத்துல வச்சு சீனா பெருசு ரோம் சின்னதுன்னு போட்டுடாதீங்க.

கி.மு. 7-ல அய்னு ஒரு இளைஞன் பேரரசனா வந்தான், வந்த புதுசுல அமைச்சருங்க ஒரு திட்டம் போட்டாங்க, நம்ம ஊர்ல 1960கள்ல வந்துச்சே நில உச்சவரம்பு, கிட்டத்தட்ட அதே விஷயம்தான். யாரும் 30 சிங்குக்கு மேல நிலம் வச்சுக்கக் கூடாது, நம்ம கணக்குல 300 ஏக்கருக்கு மேல வரும், அடிமைங்க எண்ணிக்கைக்கும் லிமிட், ராஜகுடும்பத்துக்கு 200, பிரபுக்களுக்கு 100, மத்தவங்களுக்கு 30. அடிமை விலையும் நிலத்தோட விலையும் சரசரன்னு எறங்குச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. அப்புறம் என்ன ஆச்சு, ராஜாவோட அம்மா, பாட்டி வழி சொந்தக்காரங்களுக்கும் ராஜாவோட ஆசை நண்பன் டாங் ஷியனுக்கும் இது பிடிக்கல, கொஞ்ச நாள் பொறுத்துப் பண்ணலாம்னு தள்ளி வச்சு தள்ளி வச்சு அப்படியே போச்சு. அந்த டாங் ஷியனுக்கு ராஜா தூக்கிக் குடுத்தது மட்டும் 2,000 சிங் நிலம். இது அநியாயம்னு சொன்ன தலைமை அமைச்சர் ஜெயில்ல செத்தாரு. 2,000 வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுன்னு சொன்னாத்தான் தெரியும்.

கி.மு. 3-ல இன்னும் வினோதம். வறட்சி, ஜனம் பயந்துபோயிருக்கு, கிழக்குச் சீமையில யாரோ ஆரம்பிச்சாங்க, கையில வைக்கோலோ சணல் தண்டோ ஒண்ணை வச்சுகிட்டு "மேற்குத் திசை ராணித்தாயோட உத்தரவு"ன்னு அடுத்த ஆள் கையில குடுத்து, அவன் அடுத்தவன்கிட்ட குடுத்து, தலைய விரிச்சுப் போட்டுகிட்டு செருப்பில்லாம ராத்திரியில ஓடி, சுவர் ஏறிக் குதிச்சு, குதிரை வண்டி பிடிச்சு, 26 மாவட்டம் தாண்டி தலைநகரத்துக்கே வந்து சேந்துட்டாங்க. இந்தத் தாயத்தை வச்சிருந்தா சாவு வராது, நம்பாதவன் வாசல் கதவு கீலைப் பாரு, வெள்ளை முடி இருக்கும்னு ஒரு சீட்டு வேற. இன்னைக்கு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல வர்ற "பத்து பேருக்கு ஃபார்வர்ட் பண்ணலைன்னா கெட்டது நடக்கும்"தான், கையால பண்ணியிருக்காங்க, அவ்ளோதான் வித்தியாசம். தெருத்தெருவா பாட்டும் ஆட்டமுமா கொண்டாடிட்டு, இலையுதிர் காலத்துல தானா அடங்கிடுச்சு.

கி.மு. 1 வெயில் காலத்துல அய் வாரிசில்லாம செத்தான். கிழட்டுப் பாட்டி ராணி வாங் உடனே அரண்மனைக்கு வந்து ராஜமுத்திரையைக் கைல எடுத்துகிட்டு, டாங் ஷியனைப் பதவியைப் பறிச்சு வெளிய தள்ள, அவன் தற்கொலை பண்ணிகிட்டான். தன் அண்ணன் தம்பி வழிப் பையன் வாங் மாங்கை கூப்பிட்டு உக்கார வச்சா, சிம்மாசனத்துல ஒரு சின்னப் பையன். இந்த வாங் மாங் கி.பி. 9-ல ஹான் வம்சத்தையே ஓரங்கட்டிட்டு தானே பேரரசன் ஆனான். ஆக "0" கட்டம் இருக்கற இடத்துல சீனாக்காரனைக் கேட்டா, ஒரு பெரிய ஆட்சிக் கவிழ்ப்பு நடந்துட்டிருந்த நேரம்னு சொல்லியிருப்பான்.

இப்ப நம்ம பக்கம் வருவோம். மும்பைல வர்ற பேப்பர்ல மும்பை கடற்கரை ஒரு புள்ளிகூட இல்லாததுதான் எனக்கு நெஜமாவே கடுப்பு. சோபாரா அன்னைக்கே பழைய துறைமுகம், அசோகர் கல்வெட்டுத் துண்டு கிடைச்ச ஊரு, இன்னைக்கு விரார் லோக்கல்ல நாலாசோபாராவுல இறங்கி ஸ்தூபத்துக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கலாம். கல்யாண்லேர்ந்து ஜுன்னர் போற மலைவழியில நாணேகாட்னு ஒரு கணவாய், மழைக்காலத்துல பசங்க ட்ரெக்கிங் போற இடம்தான், அங்க குகைக்குள்ள சாதவாகன ராணி நாகனிகாவோட பிராமி கல்வெட்டு ரெண்டு சுவர்லயும் இருக்கு, பல அறிஞர்கள் அதை கி.மு. முதல் நூற்றாண்டுல வைக்கறாங்க. எத்தனை பசு எத்தனை யானை எத்தனை காசு யாகத்துக்குக் குடுத்தோம்னு எண்ல எழுதியிருக்கு. ராஜா ராணி சிலைங்க இருந்த இடத்துல பாதம் மட்டும் மிச்சம், மேல பேரு இருக்கு, ஆளு இல்ல. வெளிய ஒரு பெரிய கல் ஜாடி, வழிப்போக்கு வியாபாரிங்ககிட்ட வசூல் பண்ண சுங்கத்தைப் போடறதுக்குன்னு அந்தப் பக்கத்து ஜனங்க சொல்றாங்க, மும்பைக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா ஜகாத் நாக்கா. நான் நாவா ஷேவா துறைமுகத்துக்கு பேப்பர் போடற ஒரு க்ளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல வேலை பாக்கறவன், அந்த ஜாடியைப் பாத்ததும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோணுச்சு.

அடுத்தது உங்க கப்பல் படம். "கி.மு. 20: பாண்டிய மன்னன் அகஸ்டஸுக்குத் தூது அனுப்பினான்"னு அடியில எழுதியிருக்கீங்க. இதுக்கு ஆதாரம் ஸ்ட்ராபோங்கற கிரேக்க புவியியல் ஆசிரியர். அவர் என்ன சொல்றார்னா, ஒரு இடத்துல "பாண்டியன், அல்லது சிலர் சொல்றபடி போரஸ்"ங்கறாரு, இன்னொரு இடத்துல தூதுவருங்களை அந்தியோக்கியா பக்கத்துல நேர்ல பாத்த டமாஸ்கஸ் நிக்கோலஸ் சொன்னதை எடுத்துப் போடறாரு, அதுல 600 ராஜாக்களுக்கு மேல ராஜாவான போரஸ்னுதான் இருக்கு, லெட்டர் தோல்ல கிரேக்க மொழியில எழுதியிருந்துச்சாம். நெடுந்தூரத்துல பல பேர் செத்துப்போய் மூணு தூதுவர்தான் மிச்சம். கொண்டுவந்த சாமானைப் பாருங்க, கையில்லாம பிறந்த ஒரு ஆளு, பாம்புங்க, பெரிய ஆத்து ஆமை, கழுகை விடப் பெரிய கவுதாரி. கழுகை விடப் பெரிய கவுதாரி எந்தக் காட்டுல இருந்துச்சோ! கூட வந்த ஒருத்தர் பரூச்காரரு, ஏதன்ஸ் நகரத்துல தானே தீயில இறங்கி உயிரை விட்டாரு, அங்க அவருக்குக் கல்லறை கட்டி "பர்கோசாவிலிருந்து வந்த இந்தியர்"னு எழுதி வச்சாங்க. பரூச்னா நம்ம பாந்த்ரா டெர்மினஸ்லேர்ந்து குஜராத் போற வண்டிங்க நர்மதையைத் தாண்டினதும் நிக்கற அதே பரூச்தான். கிரேக்க லெட்டர், பரூச் ஆளு, போரஸ்ங்கற பேரு, இதையெல்லாம் பாத்தா வடமேற்குப் பக்கத்துத் தூதுன்னுதான் தோணுது, பாண்டியன் அனுப்புன வேற தூதும் இருந்திருக்கலாம், ஏன்னா இந்திய ராஜாக்கள்கிட்டேர்ந்து தனக்கு அடிக்கடி தூது வந்துச்சுன்னு அகஸ்டஸே சொல்றாரு. பெருமைக்காக "அல்லது"ங்கற சொல்லை நீங்க அடிச்சுட்டீங்க, அதைத்தான் ஆட்சேபிக்கறேன்.

பெருமைப்படறதுக்கு வேற நல்ல விஷயமே இருக்கே. ஸ்ட்ராபோ எகிப்துக்கு நேர்ல போனவர், அங்க கவர்னரா இருந்தவர் அவர் சினேகிதர், செங்கடல்ல மயோஸ் ஹோர்மோஸ் துறைமுகத்துலேர்ந்து 120 கப்பல் இந்தியாவுக்குப் போகுதுன்னு எழுதறாரு, கிளியோபாட்ரா வம்சம் ஆண்ட காலத்துல 20 கப்பல்கூட துணிஞ்சு போகாதாம். கி.மு. 30-ல எகிப்து ரோம் கைக்கு வந்துச்சு, கொஞ்ச வருஷத்துக்குள்ள இவ்ளோ தூரம். எல்லாம் தென்மேற்குப் பருவக்காத்து, ஜூன் ஜூலைல நம்ம கோலிவாடா படகெல்லாம் கரையேத்தி தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கற அதே காத்துதான், அது தணியற நேரம் பாத்து இந்தக் கரைக்கு வந்து சேர்ற மாதிரி கிளம்பணும், திரும்பறதுக்கு வடகிழக்குக் காத்துக்காக மாசக்கணக்குல உக்காரணும். உள்ள வர்றதுக்கும் வெளிய போறதுக்கும் ரெண்டு தடவை டியூட்டி வாங்கறாங்கன்னும் ஸ்ட்ராபோ சொல்றாரு, அதுக்கப்புறம் வந்த ஆவணங்கள்ல செங்கடல் வழி சரக்குக்கு 25 சதவீதம்னே இருக்கு. கால்வாசி டியூட்டி கட்டியும் மிளகு வாங்கியிருக்கான்னா ரோம்ல என்ன வெலைக்கு வித்திருப்பான்னு எங்க ஆபீஸ்ல கேட்டா ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்வாங்க.

இப்ப அந்தக் காசு. டினாரியஸ்னு பேரு, நாலு கிராமுக்குக் கொஞ்சம் கம்மியான வெள்ளி, நம்ம ஒரு ரூபாய் காசை விடக் கொஞ்சம் சின்னது. முன்பக்கம் அகஸ்டஸ் தலை, இலை மாலையோட. திருப்பினா ரெண்டு பையனுங்க டோகாங்கற ரோம அங்கி கட்டிகிட்டு நிக்கறாங்க, ஆளுக்கொரு கேடயத்து மேல கைய வச்சிருக்காங்க, கேடயத்துக்குப் பின்னாடி ஈட்டி, மேல பூசாரிங்க வச்சிருக்கற கரண்டியும் வளைஞ்ச கோலும். கயஸ், லூசியஸ். கி.மு. 2-லேர்ந்து பிரான்ஸ்ல இப்ப லியோன் இருக்கற ஊர்ல அடிச்சது. தென்னிந்தியாவுல கிடைக்கற அகஸ்டஸ் காசுல இந்த டிசைன்தான் அதிகம், கோயம்புத்தூர்ப் பக்கம் புதையல் புதையலா வந்திருக்கு, இதைப் பாத்து நம்மாளுங்க அடிச்ச நகல்கூட உண்டு. ஆனா கி.மு. 2-ல அடிச்ச காசு கி.மு. 2-லயே பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வந்துடுச்சுன்னு எழுத முடியாது, பல புதையல்ல அடுத்த பேரரசன் திபேரியஸ் காசோட கலந்துதான் கிடைக்குது, அப்ப வந்து சேந்தது பல வருஷம் கழிச்சா இருக்கும். அதே மாதிரி "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்"ங்கற அகநானூத்து வரியை கி.மு. 20 கட்டத்துல போட்டிருக்கீங்க, வரி அழகு, முசிறியைப் பத்தினதுதான், அந்தப் பாட்டுக்கு வருஷம் ஒட்டறதுக்குத்தான் ஆதாரம் கிடையாது. அந்த ரெண்டு பசங்க கதையும் சொல்லிடறேன், லூசியஸ் கி.பி. 2-ல, கயஸ் கி.பி. 4-ல, ரெண்டு பேரும் சின்ன வயசுலயே செத்துட்டாங்க, நாற்காலி திபேரியஸுக்குப் போச்சு. பசங்க போய்ச் சேந்து ரொம்ப நாள் கழிச்சும் நொய்யல் கரையில அவங்க முகத்தைக் குடுத்து யாரோ எதையோ வாங்கிட்டிருந்திருப்பாங்க.

ஆப்பிரிக்காவுக்கும் ஒரு கட்டம் வேணும். கி.மு. 25 வாக்குல எகிப்துக்குத் தெக்க குஷ் நாட்டு ராணியோட படை ரோம எல்லையைத் தாக்கி அகஸ்டஸ் சிலைகளை உடைச்சு எடுத்துட்டுப் போச்சு. வெண்கலத் தலை ஒண்ணை குஷ் நாட்டு நகரமான மெரோயில ஒரு கோயில் வாசப்படிக்கு அடியில புதைச்சு வச்சுட்டாங்க, உள்ள போறவன் வர்றவன் எல்லாம் அகஸ்டஸ் தலைய மிதிச்சுட்டுப் போகட்டும்னு. 1910-ல தோண்டி எடுத்து இப்ப லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, கண்ணு ரெண்டும் கண்ணாடியும் கல்லும் வச்சு செஞ்சது, இன்னும் முறைச்சுகிட்டிருக்கு. அந்தச் சண்டைல ரோம் கடைசில சமாதானம்தான் பேசிச்சு. மெக்சிகோ பக்கம் கி.மு. 36, கி.மு. 32-ன்னு நாம கணக்குப் போட முடியற தேதிங்களைக் கல்லுல வெட்டி வச்சிருந்தாங்கன்னு ஒரு வரி போட்டா அமெரிக்காவும் ஆச்சு.

அதனால என் வேண்டுகோள் இதுதான் சார், திருத்தம்னு ஏழாம் பக்கம் மூலையில நாலு வரி போடாம சார்ட்டை மறுபடி வரைஞ்சு போடுங்க, ஒட்டகம் கொஞ்சம் சின்னதானாப் பரவால்ல. அடுத்த பகுதி கி.பி. 1-லேர்ந்து வரும்னு கீழ அறிவிச்சிருக்கீங்க. அது யூப்ரடீஸ் ஆத்துத் தீவுல கயஸும் மூசா மகனும் நேருக்கு நேர் சந்திச்ச இடத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டும், அந்தச் சந்திப்பை இளம் அதிகாரியா அங்க நின்னு பாத்த வெல்லீயஸ்ங்கறவரு எழுதி வச்சிருக்காரு. கி.பி. 2-க்கு வரும்போது ஹுவாங்ஷிங்கற நாட்டுலேர்ந்து வாங் மாங்குக்கு உசுரோட ஒரு காண்டாமிருகம் கப்பல்ல போன கதை வரும், அந்த ஹுவாங்ஷி நம்ம காஞ்சிபுரம்னு சில அறிஞர்கள் சொல்றாங்க, வேற இடம்னு சொல்றவங்களும் இருக்காங்க. தயவு பண்ணி "சீனாவுக்குக் காண்டாமிருகம் அனுப்பிய காஞ்சி"ன்னு கொட்டை எழுத்துல போட்டுடாதீங்க, "இருக்கலாம்"னு ஒரு சொல்லு கூடச் சேத்துக்கோங்க, இடம் இல்லைன்னா ராசிபலன்ல ஒரு வரி கொறைச்சுக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
சயான் கோலிவாடா, மும்பை